அடுப்படிக்குப் போகும் வழி, உங்கள் ஊர் வழியாக

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் ஒரே தங்கையின் ஒரே கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் கூரை, சுவர், என் ரத்த அழுத்தம் மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவ்விடம் உங்கள் முழங்காலும் மூக்குக்கண்ணாடிக் கடையும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். கடிதத்தின் கனத்தைப் பார்த்து யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகாமல் இருக்கத்தான் எழுதுகிறேன்.

விஷயம் சின்னது. உங்கள் தங்கையிடம் நீங்கள் எனக்காக இரண்டு சேதி சொல்ல வேண்டும். ஒன்று, நான் செய்தது தப்பு, பெரிய தப்பு, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு, என் அக்காவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட இப்போது யாராவது போகிறார்களா என்று அவளிடம் கேட்டு, போகவில்லை என்றால் என்ன செய்யலாம் என்றும் கேட்டு, எனக்கு எழுத வேண்டும். உங்கள் தங்கை எங்கே போயிருக்கிறாள் என்று நினைப்பீர்கள். எங்கேயும் போகவில்லை, அடுப்படியில் இருக்கிறாள். நான் எழுதும் மேசையிலிருந்து அடுப்படி பதினோரு காலடி. நேற்று அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்ட நேரத்தில் நடந்து எண்ணினேன். போகும்போது பதினொன்று, திரும்பும்போது பன்னிரண்டு வந்தது, மனசு தளர்ந்தால் காலடி சுருங்கும் போலிருக்கிறது. உங்கள் ஊர் இருநூற்றுச் சொச்சம் மைல். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்கள், நான் ஊரைச் சுற்றி மூக்கைத் தொடப் பார்க்கிறேன். என்ன செய்வது, மற்ற வழியெல்லாம் அடைபட்டுவிட்டது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இந்த நிலைக்கு எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டுமானால் என் உத்தியோகத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். குடிநீர் அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் வால்வுப் புத்தகம் என் கையில் இருந்தது. ஊருக்கு அடியில் ஓடும் குழாய்களில் எந்த வால்வு இன்று திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று எழுதி வைப்பதுதான் வேலை. எங்கேயோ குழாய் வெடிக்கும், ஒன்றை மூடுவார்கள், வேலை முடிந்ததும் திறப்பார்கள், நடுவில் யாராவது போன் செய்து எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருமா என்பார்கள். எந்தக் குழாயில் வரும், எத்தனை தெருவைச் சுற்றி வரும் என்றெல்லாம் ஒருவரும் கேட்டதில்லை. வருமா வராதா, அவ்வளவுதான். கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு வால்வைத் திறந்தால் வேலை சுலபம், இந்தப் பக்கத்துத் தெருக்களும் அந்தப் பக்கத்துத் தெருக்களும் இன்று முதல் ஒன்று என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம். மூடினால்தான் தலைவலி. மூடியதால் தண்ணீர் நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது, வேறு சந்து வழியாகச் சுற்றி வரலாம். வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. மாற்று வழி இருக்கிறதா என்று குழாய் குழாயாகத் தேட வேண்டும். ஒருமுறை, பின்னால் இன்னொரு குழாய் திறந்திருக்கிறது என்ற தைரியத்தில் நான் ஒன்றை மூடச் சொன்னேன். புத்தகத்தில் அது திறந்ததாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று வாரத்துக்கு முன்பே யாரோ அதை மூடிவிட்டு எழுதாமல் போயிருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடம் முழுக்க அரை நாள் தண்ணீர் இல்லை. அந்தத் தலைமையாசிரியை பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. திறந்ததை எல்லோரும் எழுதுவார்கள் மச்சான், மூடியதை யாரும் எழுதமாட்டார்கள்.

ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு பழைய குழாய் வரைபடத்தைச் சுருட்டி நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். அது பீரோ மேல் தூசி தின்று கிடந்தது. என் சித்தப்பா இறந்தபோதுதான் அதற்கு வேலை வந்தது. அன்றைக்கு என் தம்பி, அதுதான் அச்சகம் வைத்திருக்கிறானே அவன், அக்காவுக்குத் தங்கை சொல்லியிருப்பாள் என்று இருந்துவிட்டான். மருந்துக்கடைத் தங்கை, அக்காவுக்கு நான் சொல்லியிருப்பேன் என்று இருந்துவிட்டாள். நான் தம்பி சொல்லியிருப்பான் என்று இருந்தேன். அக்காவுக்கு மூன்றாம் நாள் பேப்பர் பார்த்துத்தான் தெரிந்தது. அவள் சண்டை போடவில்லை. "எங்கிட்ட வரும்போதுதான் எல்லாருக்கும் வழி தெரியாம போயிடுது" என்று மட்டும் சொன்னாள். அது எனக்கு உறைத்தது. எங்கள் அலுவலகத்தில் கடைசி வீடு என்று ஒன்று சொல்வோம். குழாயின் நுனியில் இருக்கும் வீடு. அங்கே தண்ணீர் வந்தால் ஊருக்கே வந்ததாக அர்த்தம். எங்கள் குடும்பத்தில் அக்காதான் கடைசி வீடு. கணவர் போய்ப் பத்து வருஷமாகத் தனியாக இருக்கிறாள், தானாக யாரையும் கூப்பிடமாட்டாள்.

ஆகவே வரைபடத்தைத் திருப்பிப் போட்டு, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் நம் ஆட்களைப் புள்ளி புள்ளியாக வைத்து, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தினமும் பேசினால் தடித்த கோடு. தேவைக்குப் பேசினால் மெல்லிய கோடு. பேச்சு நின்றால் கோட்டின் மேல் சிவப்புக் குறுக்குக் கோடு. உங்களுக்கும் ஒரு புள்ளி உண்டு, ஓரத்தில், மரியாதையாகக் கொஞ்சம் பெரிதாக. எட்டுப் புள்ளிக்குள் இத்தனை சிவப்பு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தங்கையின் மருந்துக்கடைக்குத் துண்டறிக்கை அச்சடித்த தம்பி, கவனக்குறைவாகத் தன் அச்சகத்துப் போன் நம்பரையே அதில் போட்டுவிட்டான். ஒரு மாதம் முழுக்க ஊர் ஜனம் அவனைக் கூப்பிட்டு இருமல் மருந்து கேட்டது. வேண்டுமென்றே செய்தான் என்றாள் அவள், ஓசியில் அடித்துக் கொடுத்ததற்கு இந்தப் பேச்சா என்றான் அவன், மூன்று வருஷமாக அங்கே சிவப்பு. உங்கள் தங்கைக்கும் என் அக்காவுக்கும் நடுவில் இருந்த சிவப்பு அதைவிடப் பழசு. எங்கள் பெற்றோர் வீட்டைக் காலி செய்தபோது கண்ணாடி வைத்த பீரோ யாருக்கு என்பதில் வந்தது. இவ கையால ஒரு டம்ளர் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டேன் என்று அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னாள், நீங்களும் அன்று இருந்தீர்கள். பதினாலு வருஷம் ஆகிறது. அந்த பீரோ இப்போது யாரிடமும் இல்லை, கரையான் கொண்டுபோயிற்று.

இதோடு விட்டிருக்கலாம். நான் நான்காவது வகை ஒன்று சேர்த்தேன். புள்ளிக்கோடு, ரகசியமாகப் பேசுகிறவர்களுக்கு. படத்தில் அது இரண்டே இடத்தில்தான் இருந்தது. ஒன்று, தம்பி மனைவி தன் சர்க்கரை மாத்திரையைத் தங்கை கடையில்தான் வாங்குகிறாள், சர்க்கரை இருப்பதும் தம்பிக்குத் தெரியாது, கடைக்குப் போவதும் தெரியாது. இரண்டாவது உங்கள் தங்கை. இரண்டு மாதத்துக்கு முன்பு அக்காவுக்குக் கண் அறுவை நடந்தது அல்லவா. மூன்று மாதம் தினமும் காலையில் சொட்டு விட வேண்டும், அக்காவுக்குக் கை நடுங்கும், தானே விட்டுக்கொள்ள வராது. மறுநாளிலிருந்து உங்கள் தங்கை தினமும் காய்கறி வாங்கப் போனாள். ஒரு மணி நேரம் போய்விட்டு நாலு தக்காளியோடு வருவாள். நாலு தக்காளிக்கு ஒரு மணி நேரமா என்று நான் கேட்டபிறகுதான் சொன்னாள், சொட்டு விட்டுவிட்டு வருகிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று. நான் யாரிடமும் சொல்லவில்லை மச்சான். கோடு போட்டேன், அவ்வளவுதான். முப்பத்துநாலு வருஷப் பழக்கம், தெரிந்ததை எழுதாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

படம் மடிப்பில் கிழிய ஆரம்பித்தது. போட்டோ பிடித்து நகலெடுக்கும் கடைக்காரருக்கு அனுப்பினால் பிளாஸ்டிக் உறை போட்டுத் தருவார் என்று மகள் வாங்கித் தந்த போனில் பிடித்தேன். நன்றாக வந்தது, ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று. அதை அனுப்பினேன். கடைக்காரருக்கு அல்ல. காலை வணக்கத்தைத் தவிர வேறொன்றும் வராத எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவுக்கு, நீங்கள் அதில் இல்லாதது உங்கள் நல்ல காலம். தலைப்பில் இன்றைய நிலவரம் என்று தேதியோடு எழுதி, எந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று கீழே கட்டம் கட்டி விளக்கமும் கொடுத்திருந்தேன். அனுப்பிவிட்டு நிம்மதியாகக் குளிக்கப் போனேன். அக்காவுக்குக் கண் அறுவை வெற்றி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம், என் பொடி எழுத்தை ஒன்று விடாமல் படித்துவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் ஸ்கேலால் கெட்டேன்.

அதற்கப்புறம் வால்வுகள் மளமளவென்று மூடின. தம்பி அச்சகத்தில் நாலு பேர் முன்னால், என்ன மாத்திரை என்று மனைவியைச் சத்தம் போட்டுக் கேட்க, அவள் அவனோடு பேச்சை நிறுத்தினாள். உன்னால்தான் என்று அவன் என்னோடு நிறுத்தினான். தங்கை தனக்கும் எனக்கும் நடுவில் நான் மெல்லிய கோடு போட்டதற்காக நிறுத்தினாள், தடித்த கோடு போடும் அளவுக்கு நான் என்றைக்கு வந்து எட்டிப் பார்த்தேன் என்று அவளும் யோசிக்கவில்லை, அவள் என்றைக்கு வந்தாள் என்று நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை உங்கள் தங்கை காய்கறிப் பையோடு போனவள் பத்து நிமிஷத்தில் வெறும் பையோடு திரும்பினாள். அக்கா கதவைத் திறக்கவில்லையாம். உள்ளே ரேடியோ ஓடும் சத்தம் கேட்டதாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் பையை மடித்துக்கொண்டே, "உங்ககிட்ட சொன்னது உங்ககிட்டதான் சொன்னேன். ஆபீஸ்ல சொல்லல" என்றாள். அதுதான் கடைசி வார்த்தை. இன்றோடு பத்தொன்பது நாள்.

பட்டினி போடுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். காபி வருகிறது, சாப்பாடு வருகிறது, சட்டையில் பொத்தான் அறுந்தால் தைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பேச்சு மட்டும் இல்லை. டம்ளரை மேசையில் வைக்கும் சத்தத்தை வைத்து அன்றைய கோபத்தின் அளவை நான் தெரிந்துகொள்கிறேன். முதல் நாலு நாள் மகள்தான் நடுவில் இருந்தாள். அடுத்த தெருவில்தானே இருக்கிறாள், ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்து வேலை முடிந்து மாலையில் வருவாள். அப்பாவை மாத்திரை போடச் சொல்லு என்பாள் இவள், போட்டாச்சு என்று அம்மாவிடம் சொல்லு என்பேன் நான். ஐந்தாம் நாள் மகள் பையைக் கீழே வைக்காமலே, "நாள் முழுக்க மத்தவங்க ரத்தத்தை இங்கேயிருந்து அங்கே கொண்டுபோறேன்ப்பா. வீட்டுக்கு வந்தும் அதேவா" என்று சொல்லிவிட்டு, இனிமேல் இரண்டு பேரும் நேராகப் பேசினால்தான் வருவேன் என்று போய்விட்டாள். போகும்போது என் போனையும் எடுத்துக்கொண்டு போனாள். உங்களுக்குப் போன் செய்யாமல் கடிதம் எழுதும் காரணம் அதுதான். வீட்டுப் போன் அடுப்படி வாசலில் இருக்கிறது, அதில் நான் பேசினால் உங்கள் தங்கைக்குச் சொல்லச் சொல்லி உங்களிடம் சொல்வது உங்கள் தங்கைக்கே கேட்கும்.

போன வாரம் ஒரு வழி பிறந்தது. அடுப்படிக் குழாய் ஒழுகியது. தண்ணீர்த் துறையில் இருந்தவன்தானே என்று கேட்காதீர்கள், நான் தெருவுக்கு அடியில் இருந்தவன், வீட்டுக்குள் வரும் குழாய் எனக்கு அன்னியம். பிளம்பர் வந்தார். நான் வாசற்படியில் நின்றுகொண்டு, அவரிடம் பேசுகிற மாதிரி, "சில பேரு தெரியாம ஒரு தப்புப் பண்ணிடுவாங்க, மனசுல ஒண்ணும் இருக்காது" என்றேன். ஆமா சார், வாஷரைத் தலைகீழாப் போட்டிருக்காங்க என்றார் அவர். உங்கள் தங்கை பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே அவரிடம், "தெரியாம பண்றவங்க இவ்வளவு நேரா கோடு போட மாட்டாங்க" என்றாள். பிளம்பர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றால் வேலை சீக்கிரம் முடியும் என்றார். எனக்கோ முடியாமல் இருந்தால் தேவலை. இருபது நிமிஷம் அந்த வழி திறந்திருந்தது மச்சான். பிறகு அவர் முறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். வாஷரை நல்ல வாஷராகப் போட்டுத் தொலைத்திருக்கிறார், அதற்கப்புறம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. இரண்டு நாள் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன், வயதுக்கு அழகல்ல என்று விட்டுவிட்டேன்.

அக்கா வீட்டுக்கு நானே இரண்டு தடவை போனேன். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள், திரைச்சீலையை இழுத்துவிட்டாள். எனக்கு இப்போது இருக்கும் பயம் இதுதான். சொட்டு விட யாரோ போகிறார்கள் என்று தம்பி நினைத்திருப்பான், தங்கையும் நினைத்திருப்பாள். சித்தப்பா சாவு மாதிரியே. டாக்டர் ஒரு நாள்கூடத் தவறக்கூடாது என்றாராம், அது உங்கள் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் கோட்டால் அக்காவுக்குப் பார்வை போனால் நான் எந்தப் புத்தகத்தில் அதை எழுதுவேன்.

இந்தப் பத்தொன்பது நாளில் இன்னொன்றும் புரிந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். படத்தில் என் புள்ளியை நடுவில் வைத்திருந்தேன். எல்லாச் சேதியும் என் வழியாகத்தான் போகிறது என்று நினைப்பு. யாருக்குக் காய்ச்சல், யார் பிள்ளைக்கு வேலை கிடைத்தது, எல்லாம் எனக்குத் தெரியுமே. உங்கள் தங்கை பேச்சை நிறுத்திய மறுநாளிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னைச் சுற்றிச் சிவப்புப் போட்டுக்கொண்டே வந்தபோதுதான் பார்த்தேன், அத்தனையும் அவளிடம் வந்து, அவள் சாப்பாடு போடும்போது எனக்குச் சொன்னது. எல்லோரும் அவளோடுதான் பேசியிருக்கிறார்கள். நடுப்புள்ளி அடுப்படியில் இருந்திருக்கிறது. நான் கடைசிக் குழாய். அவள் இல்லாமல் எனக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. இதை அவளிடம் நீங்கள் சொன்னாலும் சரி, சொல்லாமல் விட்டாலும் சரி.

மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். எனக்கும் உங்களுக்கும் என்றைக்கும் மனஸ்தாபம் வந்ததில்லை. உங்களுக்கும் உங்கள் தங்கைக்கும் நடுவில் இருப்பது படத்திலேயே தடித்த கோடு, அதை மட்டும் இரண்டு தடவை மை தொட்டுப் போட்டேன். நாற்பது வருஷமாக நாள் தவறாமல் காலை பதினோரு மணிக்கு நீங்கள் கூப்பிடுவீர்களே. சமீபமாக அந்த மணி என் காதில் விழுவதில்லை, என் காதுதான் மந்தமா, நீங்கள்தான் நேரத்தை மாற்றிக்கொண்டீர்களா, தெரியவில்லை. இரண்டு மாதமாக நீங்கள் இந்தப் பக்கம் வராததும் முழங்காலால்தான் என்று நினைத்துக்கொண்டேன். எப்படியோ, எல்லாவற்றையும் அடைத்த பிறகும் அடைபடாமல் இருக்கும் ஒரே வழி நீங்கள். இந்தக் கடிதம் கண்டதும் அவளைக் கூப்பிட்டு மேற்படி இரண்டு சேதியையும் சொல்லி, அவள் சொல்வதை எனக்கு எழுதுங்கள். அக்கா விஷயத்தை முதலில் கேளுங்கள். என் மன்னிப்பு இரண்டு நாள் பொறுக்கும், கண் பொறுக்காது.

உங்கள் கடைக்கு வருகிறவர்களின் பார்வை குறையட்டும் என்று வாழ்த்தினால் அது வாழ்த்தாகாது, ஆகவே கடை தன்போக்கில் நன்றாக நடக்கட்டும் என்று மட்டும் வேண்டுகிறேன். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து எல்லோரும் விசாரித்ததாக எழுத ஆசைதான், என்னோடு பேசுகிறவர்கள் யாரும் இல்லாததால் நான் மட்டும் விசாரிக்கிறேன்.

என்றும் உங்கள்,
தங்கை வீட்டுக்காரர்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் வணக்கத்தையும் முழங்காலையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளவும்.

கடிதத்தை உறையில் போட்டு விலாசம் எழுத உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்தது, போன வருஷம் நீங்கள் கடையையும் வீட்டையும் மாற்றிவிட்டீர்கள், புது விலாசம் உங்கள் தங்கையின் டைரியில்தான் இருக்கிறது. டைரி அடுப்படி அலமாரியில் இருக்கிறது. அரை மணி நேரம் உறையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எழுந்து போனேன். வாசற்படியில் நின்று, அண்ணனோட புது விலாசம் என்ன என்று கேட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "எதுக்கு" என்றாள். பத்தொன்பது நாளுக்கப்புறம் ஒரு வார்த்தை. கடிதத்தை அப்படியே நீட்டினேன். அடுப்பு முன்னால் நின்றபடியே ஒவ்வொரு தாளாகப் படித்தாள். பால் பொங்கி வழிந்தது, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிளம்பர் வந்த இடத்தில் மட்டும் அவள் உதடு கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது, நான் பந்தயம் கட்டமாட்டேன்.

படித்து முடித்துவிட்டு முதலில் சொன்னது அக்காவைப் பற்றி. கதவைச் சாத்திய மூன்றாம் நாளே அக்கா ஆள் விட்டுக் கூப்பிட்டாளாம். "முன்கதவு ஊருக்கு. சாத்தியே இருக்கட்டும். நீ பின்பக்கமா வா" என்றாளாம். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் சொட்டு விழுந்துகொண்டிருக்கிறது. தக்காளி மறுபடி வர ஆரம்பித்ததை நான் கவனிக்கவில்லை. இப்போது அக்கா அவள் கையால் காபியே குடிக்கிறாளாம், தண்ணீர்தான் குடிக்க மாட்டேன் என்று சொன்னேன் என்று விளக்கம் வேறு. நான் இரண்டு தடவை போயும் முன்வாசலில் நின்று திரும்பிவிட்டேன். அப்புறம் ஏன் என்னிடம் இத்தனை நாள் பேசவில்லை என்று கேட்டேன். "நீங்க எழுந்து வந்து கேப்பீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள். பதினோரு காலடி மச்சான். அந்த வால்வு மூடவே இல்லை. நான் திருகிப் பார்க்காமலே சிவப்புப் போட்டு வைத்திருந்தேன்.

இரண்டாவதாகச் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. அக்காவுக்குச் சொட்டு விடப் போவதை எனக்குச் சொல்வதற்கு முன்பே அவள் உங்களுக்குத்தான் சொன்னாளாமே. அவ்வளவு பேசினவளுக்குப் போய்ப் பணிவிடை செய்கிறாயே, உனக்கு ரோஷம் கிடையாதா என்று நீங்கள் கேட்டீர்களாம். அவள் போனை வைத்துவிட்டாளாம். அதற்கப்புறம் நீங்களும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. இரண்டு மாதம். நான் இரண்டு தடவை மை தொட்டுப் போட்ட கோடு. தினமும் பதினோரு மணிக்கு அவள் போன் பக்கத்தில்தான் நிற்கிறாளாம், நான் அவள் அலமாரி துடைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆக, அடைபடாத ஒரே வழி என்று இத்தனை தாளில் நான் புகழ்ந்த வழி எனக்கு முன்பே அடைபட்டுக் கிடந்திருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியைக்கு இது தெரிந்தால் இன்னொரு தடவை பார்ப்பார்.

எனவே மச்சான், நீங்கள் எனக்காகத் தூது போக வேண்டியதில்லை, நான்தான் இப்போது தூது. உங்கள் தங்கை என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் எழுதுவதை வரி வரியாகப் பார்க்கிறாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், ஒரு எழுத்தையும் நான் மாற்றவில்லை.

"அண்ணே, ரோஷம் இல்லையான்னு கேட்டீங்க. இருக்கு. அதனாலதான் நானா எழுதாம இவரை விட்டு எழுதச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை உங்களுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறேன். பஸ்ல வராதீங்க, முட்டி வலிக்கும், ரயில்ல வாங்க."

படத்தை என்ன செய்வது என்று அவளிடமே கேட்டேன், கிழித்துப் போட்டுவிடட்டுமா என்றும் கேட்டேன். பிளாஸ்டிக் உறை மட்டும் வேண்டாம், பென்சிலால் போட்டால் போதும் என்றாள். அப்படியானால் உனக்கும் உங்கண்ணனுக்கும் நடுவில் இருக்கும் தடித்த கோட்டுக்குச் சிவப்புப் போடவா என்றேன். சிவப்புப் பேனாவை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் புள்ளிக்கோடா இருக்கட்டும்" என்றாள்.